கவரேஜ் இல்லையாம்!

மட்டக்களப்புப் படுவான்கரையில் கவரேஜ் இல்லை. அதனால் உன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படித்தானே?

சரி, இன்னும் சொல்லு. கேட்கிறேன்.

பள்ளிக்கூடத்துக் கணினிகளில் பாதி வேலை செய்யாது. நல்லதாக இருக்கிற ஒன்று அலுமாரிக்குள், திறப்பு அதிபரிடம். ரீலோட் போடச் சம்பளம் காணாது. ஆங்கிலம் வராது. வயதும் போய்விட்டது.

முடிந்ததா?

இவ்வளவும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கமாட்டேன். ஆனால் உன்னைக் கட்டிப்போட்டிருப்பது இதில் எதுவும் இல்லை. அதை நீ இன்னும் வாயால் சொல்லவில்லை.

நான் சொல்லட்டுமா? பயம்!

பதிவில் உன் குரலை நீயே கேட்கப் பயம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் சிரிப்பாவோ என்று பயம். பிழைத்துப்போனால் பெற்றோருக்கு என்ன சொல்வது என்று பயம். இப்போது புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவு வந்து உன் கதிரையைப் பிடித்துவிடுமோ என்ற பயம்.

தம்பி, தங்கச்சி, உன்னோடுதான் கதைக்கிறேன். தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்து, கொக்கட்டிச்சோலைக்கோ வெல்லாவெளிக்கோ நியமனக் கடிதத்தோடு போன உன்னோடு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு, வேலை கேட்டுக் காந்தி பூங்காவில் பந்தல் போட்டு இருந்த உன்னோடு.

என் கதையை முதலில் கேள். வெட்கக்கேடான கதை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஊரெல்லாம் வாட்ஸ்அப் குழு. நானும் ஒன்று தொடங்கினேன். தரம் 10, விஞ்ஞானம், நேர்கோட்டு இயக்கம்.

42 நிமிட வீடியோ எடுத்தேன். வெண்பலகைக்கு முன்னால் நின்று, வகுப்பில் கதைக்கிற மாதிரியே கதைத்தேன். பின்னால் சேவல் கூவுகிறது. மின்விசிறி கடகடக்கிறது. அதை ஏற்றி முடிக்க ஒரு இரவு போனது. என்னவோ சாதித்துவிட்டேன் என்று படுத்தேன்.

31 பிள்ளைகள். பார்த்தது 6 பேர்.

பின்னேரம் ஒரு அம்மம்மா போன் எடுத்தா. "சேர், அந்தப் படம் திறக்குதில்ல. சுத்திச் சுத்தி நிக்கிது. போட்ட ரீலோட்டும் முடிஞ்சிட்டு. புள்ள அழுகிறாள். மறுகா என்ன செய்யிற?"

அந்த ரீலோட் முட்டை விற்ற காசு. எனக்குத் தெரியும். அந்த வீட்டுக் கோழிக் கூட்டை நான் பார்த்திருக்கிறேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிக்னலைத் திட்டினேன். வறுமையைத் திட்டினேன். கொரோனாவைத் திட்டினேன். 42 நிமிடத்தை மட்டும் திட்டவில்லை!

சிக்னல் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை 42 நிமிடமும் பார்த்திருக்குமா? உன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. நீ பார்ப்பாயா?

எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விரும்பி வந்து சேர்ந்த மாணவர்கள். அவர்களே ஏறத்தாழ 6 நிமிடத்துக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. முட்டை விற்ற ரீலோட்டில் பார்க்கிற பிள்ளையிடம் நான் 42 நிமிடம் கேட்டிருக்கிறேன்!

என் பாடத்தைக் கவிழ்த்தது கவரேஜ் இல்லை. நான்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது. உனக்கு ஏன் ஒரு வருடம்? இன்றைக்கே சொல்லு.

பிள்ளை எங்கே நிற்கிறது, எங்கே போய்ச் சேரவேண்டும், எந்த வழியால் போகவேண்டும், போய்ச் சேர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இந்த நாலையும் முன்கூட்டியே யோசித்துப் பாடத்தைக் கட்டுவதற்குக் கற்பித்தல் வடிவமைப்பு என்று பெயர். பெயர்தான் பெரிசு.

அமெரிக்க இராணுவத்துக்காகப் புளோரிடா அரச பல்கலைக்கழகம் 1975இல் இதற்கொரு ஒழுங்கை எழுதிக் கொடுத்தது. ஆராய், வடிவமை, உருவாக்கு, நடத்து, மதிப்பிடு. உலகத்தில் பெரிய பெரிய கம்பனிகள் இன்றைக்கும் இதை வைத்துத்தான் ஆட்களைப் பழக்குகின்றன.

பயந்துவிட்டாயா? எதற்கு? கூத்துப் பழக்குகிற உன் ஊர் அண்ணாவியார் இதை எத்தனை தலைமுறையாகச் செய்கிறார்!

கூத்துப் பழக்குவதைப் பார்த்திருக்கிறாயா? மேடையில் முடியும் உடுப்புமாக வருகிற அன்றைக்கு இல்லை. அதற்கு முன்னால், மாதக்கணக்கில், வேலை முடிந்து வந்த மனிசர் இரவில் கூடிப் பழகுகிற நாட்களில் பார்த்திருக்கிறாயா?

முதல் வேலை சட்டங் கொடுத்தல். அண்ணாவியார் ஆளைப் பார்க்கிறார். உடம்பைப் பார்க்கிறார், குரலைக் கேட்கிறார், கால் எப்படி விழுகிறது என்று கவனிக்கிறார். இவனுக்குத் தருமர்தான் சரி, வீமன் வராது என்று தீர்மானிக்கிறார். ஆராய் என்று புளோரிடாக்காரர் எழுதியது இதைத்தானே?

பிறகு தாளக்கட்டு. எடுத்த எடுப்பில் முழுக் கூத்தையும் கொட்டமாட்டார். ஒரு தாளம், ஒரு ஆட்டம், ஒரு பாட்டு. கால் பிடித்த பிறகுதான் அடுத்தது. ஆடுகிறவன் வரியை மறந்தால் அண்ணாவியார் எடுத்துக் கொடுப்பார், பக்கப்பாட்டுக்காரர் சேர்ந்து பிடிப்பார்கள், மத்தளமும் சல்லரியும் நிற்காது. பிழைவிட்டவனை வட்டத்துக்கு வெளியே அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை!

பிறகு சதங்கை அணிதல். கிழமைக் கூத்து. ஊர்ச்சனம் வந்து குந்தியிருந்து பார்க்கும், பகிடி பண்ணும், பிழை சொல்லும். ஒவ்வொரு கிழமையும் ஆடித் திருத்தி, ஆடித் திருத்தி, கடைசியில்தான் அரங்கேற்றம்.

2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது? எழுதிப் பார்த்தவர்கள் முன்னுக்கு!

ஒரு கிழமை! கிழமைக் கூத்து! எனக்கு இதை வாசித்த அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எழுத்து வாசிப்புப் பெரிதாகத் தெரியாதவரையும் விடியவிடிய ஆடிப்பாட வைத்த மண் இது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, கற்பிக்கிற நுட்பத்தை வெளிநாட்டுக்காரன் வந்து சொல்லித்தரவேண்டும் என்று காத்திருக்கிறாய்!

2007இல் புதிய பாடத்திட்டத்தோடு 5ஈ என்ற கற்பித்தல் முறை வந்தது. அதுவும் நல்ல வடிவமைப்புத்தான். நாம் என்ன செய்தோம்? பாடக்குறிப்புக் கொப்பியில் அழகாக எழுதி அதிபரிடம் கையெழுத்து வாங்கினோம். வகுப்புக்குள் போய்ப் பழையபடி பலகையை நிரப்பினோம். பிள்ளைகள் பழையபடி பார்த்து எழுதினார்கள். இல்லை என்று சொல்லு பார்ப்போம்!

தொழில்நுட்பம் வந்தாலும் இந்தப் புத்தி போகவில்லை. ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். வளவாளர் மல்டிமீடியாவில் 96 ஸ்லைட் போட்டார். ஒவ்வொன்றிலும் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தார். தலைப்பு என்ன தெரியுமா? மாணவர் மையக் கற்றல்!

திரையில் இருக்கிற எழுத்தையே வாயாலும் வாசித்தால் விளக்கம் கூடாது, மூளைக்குச் சுமைதான் கூடும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார். படத்தைக் காட்டு, வாயால் சொல்லு. தேவையில்லாத பூ, நட்சத்திரம், பின்னணி இசை எல்லாவற்றையும் வெட்டு. இதற்குக் கவரேஜ் வேண்டுமா? சம்பள உயர்வு வேண்டுமா?

"தமிழில் ஒன்றும் இல்லையே சேர்!" இது உன் அடுத்த சாட்டு.

நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கியது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று பக்கம் பக்கமாக வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. 2020இல் நேத்ரா தொலைக்காட்சியில் குருகுலம் என்று பாடம் நடத்தினார்கள். யார் செய்தது? வானத்திலிருந்து இறங்கியவர்களா? உன்னைப் போலச் சம்பளம் காணாத மனிசர்தான்!

மார்ட்டின் டூகியாமஸ் என்று ஒருவர். மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் அவருக்குப் பாடம் வந்தது சிற்றலை வானொலியில். பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்த அந்தப் பிள்ளைதான் பிறகு மூடில் என்ற மென்பொருளைச் செய்தது. 2002இல் முதல் பதிப்பு. இன்றைக்கு உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் அதில் பாடம் நடத்துகின்றன. மென்பொருள் இலவசம். நீ இருப்பது பாலைவனமா?

அவ்வளவு தூரம் ஏன்? காரைதீவுக்கு வா.

1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளை விஞ்ஞான ஆசிரியரானது. 1920இல் இலண்டன் பி.எஸ்சி. தேறியது. துறவு பூண்டு விபுலானந்தரானது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

அவர் எடுத்துக்கொண்ட வேலையைப் பார். யாழ். எப்போதோ செத்துப்போன வாத்தியம். கண்ணால் கண்டவர் யாருமில்லை, காதால் கேட்டவர் யாருமில்லை. கையில் இருந்தது பழந்தமிழ்ப் பாட்டும் கணக்கும் மட்டும். 14 வருடம்! 1947இல் யாழ்நூல் வந்தது. அதே வருடம் ஜூலையில் சுவாமி போய்ச் சேர்ந்தார்.

உன்னிடம் கணினி இல்லை என்கிறாய். அவரிடம் யாழே இல்லை!

இன்னொரு வேலையும் செய்தார். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கச் சொல் வேண்டும், சொல் இல்லையென்றால் உண்டாக்குவோம் என்று இருந்து செய்தார். இதை ஏன் சொல்கிறேன்? உன் புதுப் பயத்துக்கு மருந்து இதற்குள்தான் இருக்கிறது.

2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு வெளிவந்தது. இனி ஆசிரியர் எதற்கு என்று அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள். நீயும் நடுங்கினாய்.

அதனிடம் போய்த் தமிழில் "வேகம் என்றால் என்ன?" என்று கேட்டுப் பார். சென்ற தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்று சொல்லக்கூடும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அது சரி. உன் பிள்ளை எழுதப்போவது இலங்கைச் சாதாரண தரப் பரீட்சை. இங்கே அதற்குப் பெயர் கதி. திசையும் சேர்ந்தால்தான் வேகம். அவர்களுக்கு முடுக்கம், நமக்கு ஆர்முடுகல். அவர்களுக்கு வேதியியல், நமக்கு இரசாயனவியல். அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை, நமக்கு ஒளித்தொகுப்பு.

பிள்ளை அந்தப் பதிலைப் பார்த்து எழுதும். புள்ளி போகும். யார் பிடிப்பது? அதைச் செய்த கலிபோர்னியாக் கம்பனியிலிருந்து ஆள் வருமா?

நீதான் பிடிக்கவேண்டும்! அந்தப் பெட்டி ஒரு நிமிடத்தில் இருபது கேள்வி எழுதித் தரும். எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லாதே. அதில் எது நம் பிள்ளைக்குப் பொருந்தும், எது பிழை, எது மண்டூர்ப் பிள்ளைக்கு விளங்காத உவமை என்று தெரிந்தெடுக்க உன்னைவிட்டால் ஆள் இல்லை. சட்டங் கொடுப்பது அண்ணாவியார். மத்தளம் தானாகக் கொட்டினாலும் அண்ணாவியார் வேண்டும்!

வேலையிழக்கப்போகிறவர் யார் தெரியுமா? பலகையை நிரப்பிவிட்டுப் போகிறவர். அவரை இயந்திரம் இன்றைக்கே வென்றுவிட்டது. அவராக இருக்கப்போகிறாயா நீ?

இனி என் இரண்டாவது முயற்சியைச் சொல்கிறேன். சாதனை என்று நினைக்காதே. வெறும் 3 நிமிடம்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒருநாள் குறுமண்வெளித் துறைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில், ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். வெளியூர் ஆட்கள் சிரிப்பார்கள், பாதை தண்ணீரில் போகுமா என்று. இங்கே போகும்.

பாதையில் ஏறி நின்றேன். வீடியோ எடுக்கவில்லை. குரல் பதிவு மட்டும். வாட்ஸ்அப்பில் 3 நிமிடக் குரல் ஒரு எம்பியைக்கூடத் தொடாது. பொத்தான் போன் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை போட்டுக் காட்டலாம்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினேன். "புள்ளைகள், நான் இப்ப பாதையில நிக்கிறன். நேரே மண்டூர்த் துறைக்குப் போறன். என்ட கூட்டாளி ஒராள் இதே துறையில இருந்து பஸ்ஸில, பட்டிருப்புப் பாலத்தால சுத்தி அதே மண்டூர்த் துறைக்கு வாறார். ரெண்டு பேருக்கும் தூரம் ஒண்டா, வேறையா? ரெண்டு பேருக்கும் இடப்பெயர்ச்சி ஒண்டா, வேறையா? படம் கீறி அனுப்புங்க."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கரகரத்தது. நடுவில் யாரோ "சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மோட்டார் சைக்கிளை ஏற்றுகிற சத்தமும் விழுந்திருந்தது. அழிப்போமா என்று விரல் போனது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

இரவுக்குள் 27 பதில்!

கொப்பியில் கீறி, படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். வாவியை நீலக் கலரால் தீட்டியிருந்தாள் ஒருத்தி. தூரம் வேறு என்று எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். இடப்பெயர்ச்சியும் வேறு என்று 18 பேர் எழுதியிருந்தார்கள்.

18 பேர் பிழை! நான் துள்ளிக் குதித்தேன். உனக்கு விளங்குகிறதா ஏன் என்று?

பத்து வருடமாக அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்! "விளங்கிச்சா?" என்று வகுப்பில் கேட்டால் "ஓம் சேர்" என்று ஒரே குரலில் சொல்வார்களே, அந்த ஓமுக்குள் இத்தனை நாளும் ஒளிந்திருந்த பிழை அது.

தோல்விக்குப் பயப்படுகிறாயே, பிள்ளையின் பிழைக்கு நீ ஏங்கவேண்டாமா? பிழை வராத பாடத்தில் நீ என்ன கண்டாய்?

அடுத்த நாள் இன்னொரு பதிவு, இரண்டே நிமிடம். புறப்பட்ட துறையையும் சேர்ந்த துறையையும் நேர்கோட்டால் தொடு, அந்தக் கோடுதான் இடப்பெயர்ச்சி, யார் எப்படிச் சுற்றினால் அதற்கென்ன என்றேன். இன்னொரு கணக்கும் கொடுத்தேன். 18 என்பது 4 ஆனது. அந்த 4 பேருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்தேன்.

செலவு என்ன? பாதைக் காசும் ஒரு பிளேன்ரீயும்.

"நீங்க செய்வீங்க சேர், எனக்கு எங்க வரும்?" நிறுத்து! 42 நிமிட வீடியோ போட்டுப் பிள்ளையை அழவைத்த ஆள்தான் நான். உனக்குக் கிடைத்த அதே பயிற்சிதான், அதே கவரேஜ்தான். 2022இல் கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் போனைப் பிடித்துக்கொண்டு எடுத்த பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பாதிக்குமேல் குப்பை. குப்பையும் போட்டுத்தான் வந்தேன்!

நல்ல கணினி வரட்டும் என்று காத்திருக்கிறாய். அது வருவதற்குள் இந்த வருடத்துத் தரம் 10 பரீட்சை எழுதி முடித்து, பாதிப் பேர் கொழும்புக்கும் கட்டாருக்கும் போயிருப்பார்கள். திரும்ப வந்து உன்னிடம் படிப்பார்களா?

எல்லாப் பாடத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஒன்றை எடு. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் விழுகிற இடம் ஒன்று இருக்குமே, உனக்குத் தெரியும், அதை எடு. 3 நிமிடம். ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் சரியை எண்ணாதே, பிழையை எண்ணு!

அந்த இடப்பெயர்ச்சிப் பாடம் முடிந்து இரண்டு நாள் கழித்து, இரவு, ஒரு பொடியன் தனியாக ஒரு குரல் அனுப்பினான். வகுப்பில் வாய் திறக்காத பொடியன். வீடு கொக்கட்டிச்சோலைக்கு அங்கால்.

"சேர், 2007ல எங்கட ஊர்ச்சனம் எல்லாம் இடம்பெயர்ந்து ஓடினதாம். அம்மா அந்த நேரம் என்னைத் தூக்கிக்கிட்டு நடந்ததாம். முகாம் முகாமா இருந்திட்டு, மறுகா இதே வளவுக்குத்தான் வந்தாங்களாம். அப்ப எங்கட இடப்பெயர்ச்சி பூச்சியமா, சேர்?"

நான் பதில் சொல்லவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டு அதைக் குழுவில் போட்டேன். அன்று இரவு பதினொரு மணி தாண்டியும் அந்தக் குழு படுக்கவில்லை. அம்மாமார் கதைத்தார்கள். ஒரு தாத்தா எந்த வழியால் நடந்தோம் என்று ஊர் ஊராகச் சொன்னார். பிள்ளைகள் அதைக் கொப்பியில் கீறினார்கள், கிலோமீற்றர் போட்டுக் கூட்டினார்கள். தூரம் எவ்வளவு, இடப்பெயர்ச்சி எவ்வளவு என்று இரண்டு நிரலில் எழுதினார்கள்.

உன் வகுப்பிலும் வாய் திறக்காத ஒன்று கடைசி வாங்கில் இருக்கிறது. எது என்று உனக்குத் தெரியும்.

போனில் சார்ஜ் இருக்கிறதா? எடு.